உறுத்தல் இல்லாத கைச்செலவு: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

எங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. வேறு எதையோ தேடிக் கையை விட்டபோது அகப்பட்டது. திறந்தால் புத்தம்புதுக் காலணி, ஓடுவதற்குப் போடுகிற வகை. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. உள்ளே திணித்திருந்த தாளைக்கூட எடுக்கவில்லை.

"இது எப்ப வாங்கினீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன் போடவே இல்லை?"

"போட்டா நீ பார்ப்ப. எவ்வளவுன்னு கேட்ப."

எனக்குச் சுருக்கென்றது. செலவுக்குக் கணக்குக் கேட்கிற ஆள் நான் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அதே மாதம் நானும் ஒரு மைப்பேனா வாங்கி, ரசீதைக் கிழித்து வழியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்களுக்குக் கடன் கிடையாது. சேமிப்பு மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலணியும் பேனாவும் கண்ணில் படக்கூட மாட்டா. அப்படியிருந்தும் அவர் ஒளித்தார், நான் கிழித்தேன். காசு கொடுத்து வாங்கின பொருளை இரண்டு மாதம் இருட்டில் வைத்திருந்ததுதான் உண்மையான வீண்செலவு என்று அன்றைக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான்கு வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீட்டில் வைத்துப் பார்த்தோம்: செலவை எழுதுவது, சம்பளத்தை விழுக்காடாகப் பிரிப்பது, காத்திருந்து வாங்குவது, கைச்செலவுக்கென்று தனிக் கணக்கு வைப்பது. ஒவ்வொன்றிடமும் நான் கேட்டது மூன்று கேள்விகள். சேமிப்பு தப்புகிறதா? தினமும் எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது? வாங்கின பொருளை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடிகிறதா? பணத்தைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நான் மூன்றாவதற்குத்தான் அதிக எடை கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு முதல் கேள்விதான் முக்கியம் என்றால் முடிவும் மாறும்.

முதலில், நீங்கள் எந்தப் பக்கம்?

காசு கொடுக்கும்போது மனத்தில் சின்னதாக ஒரு வலி வருவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் அந்த வலியையே அடிப்படையாக வைத்து ஒரு விளக்கம் எழுதினார்கள். ஒவ்வொரு செலவிலும் அனுபவிக்கிற சுகமும் கொடுக்கிற வலியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. எது எதை அமுக்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் நடத்தை அமைகிறது என்றார்கள்.

பத்து வருடம் கழித்து, 2008-ல், லோவன்ஸ்டீனும் ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர் ஆகியோரும் 13,000 பேருக்கு மேல் கேள்வி கேட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வலி அதிகமாகி, தாங்களே விரும்புகிற அளவுக்குக்கூடச் செலவழிக்க முடியாதவர்கள் ஒரு பக்கம்; இவர்களைக் கை இறுகியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலி போதாமல், தாங்கள் விரும்புகிற அளவைத் தாண்டிச் செலவழித்துவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம்; இவர்கள் செலவில் கை நீண்டவர்கள். அவர்கள் கேட்டுப் பார்த்தவர்களில் கை இறுகியவர்களும் கை நீண்டவர்களும் ஏறக்குறைய 3-க்கு 2 என்ற கணக்கில் இருந்தார்கள். ஊதாரித்தனத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அந்த ஆய்வில் மறுபக்கத்தில்தான் கூட்டம் அதிகம்.

அதே ஆய்வில் ஒரு சிறு சோதனையும் உண்டு. பொருள் சீக்கிரம் வந்து சேர ஒரு கட்டணம் கேட்கிறார்கள். சிலரிடம் தொகையை மட்டும் சொல்கிறார்கள். சிலரிடம் அதே தொகைக்கு முன்னால் 'சிறிய' என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கே கை இறுகியவர்களில் கூடுதலான பேர் கட்டணம் கட்டச் சம்மதித்தார்கள். கை நீண்டவர்களிடம் அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மனம் இளகிவிட்டது. இது பரவாயில்லை, சின்னச் செலவுதான் என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டாரா என்று காத்திருக்கிற மனிதர்கள் இவர்கள். நானும் அந்த ஆள்தான்.

ஆகவே எந்த வழியையும் எடுப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காமல் விட்டுவிட்டு வந்த பொருளை நினைத்து அதிகம் வருந்துகிறீர்களா? மாதக் கடைசியில் எங்கே போனது என்று தெரியாத பணத்தை நினைத்து அதிகம் வருந்துகிறீர்களா? இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒருவருக்குப் பிடிமானம் வேண்டும், மற்றவருக்கு அனுமதி வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

எழுதி வைப்பது

மூத்த வழி இதுதான். ஜப்பானில் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904-ல் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு வரவுசெலவு ஏட்டை அச்சிட்டுத் தந்தார். கக்கேபோ என்று இன்றும் உலகம் முழுக்கப் பேசப்படுகிற முறை அங்கிருந்து வந்ததுதான். இன்று இந்தப் பெயரில் பரவியிருக்கிற முறையில், மாதத் தொடக்கத்தில் வரவையும் சேமிக்க வேண்டியதையும் எழுதுகிறீர்கள். நடுவில் ஒவ்வொரு செலவையும் கையால் எழுதுகிறீர்கள். மாத முடிவில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறீர்கள். கைப்பேசிச் செயலிகள் வந்தபிறகும் கையால் எழுதுவதை இந்த முறைக்காரர்கள் விடச் சொல்வதில்லை. எழுதுகிற அந்த நேரத்தில்தான் செலவு மனத்தில் பதிகிறது என்பது அவர்கள் கட்சி.

முதல் மாதம் எங்களுக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. யாருமே பார்க்காத இரண்டு சந்தாக்கள் மாதாமாதம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தன. அதை நிறுத்தினோம். வண்டிச் செலவு நாங்கள் நினைத்ததைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. தனிப்பட்ட கைச்செலவோ நாங்கள் பயந்ததில் பாதிகூட இல்லை. இதெல்லாம் எழுதாமல் தெரிந்திருக்காது.

இரண்டாவது மாதத்திலிருந்து சங்கடம் ஆரம்பித்தது. ராத்திரி நோட்டை விரித்தால், பேனாவுக்கான மை என்று நான் எழுதுகிற வரி, மருந்துச் செலவுக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில் அது குற்றவாளிபோலத் தெரியும். கடையில் ஒரு தடவை பட்ட வலியை வீட்டில் இன்னொரு தடவை பட்டேன்; மாதக் கடைசியில் கூட்டும்போது மூன்றாவது தடவை. நான்காவது மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். 'இதர' என்று ஒரு பத்தி வைத்திருந்தோம். அது மாதாமாதம் வீங்கிக்கொண்டே வந்தது. என் கையெழுத்தும் அதில் இருந்தது, அவர் கையெழுத்தும் இருந்தது. அலமாரியின் அடித்தட்டு இப்போது நோட்டுக்குள் குடிவந்துவிட்டது.

எனவே என் தீர்ப்பு இது. எழுதுவது ஒரு பரிசோதனை. இரத்தப் பரிசோதனை மாதிரி, வேண்டும்போது செய்ய வேண்டும். பணம் எங்கே போகிறதென்று தெரியாதவர்கள் மூன்று மாதம் கட்டாயம் எழுதுங்கள். கை நீளுகிறவர்கள் ஆறு மாதம்கூட எழுதலாம். ஏற்கெனவே ஒவ்வொரு காசுக்கும் மனம் பதைக்கிறவர்கள் மூன்று மாதத்தோடு நோட்டை மூடி வைத்துவிடுங்கள். தொடர்ந்தால் அது உறுத்தலுக்குத் தினமும் தீனி போடுகிற வேலையாகிவிடும்.

விழுக்காடாகப் பிரிப்பது

50, 30, 20 என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னாளில் அமெரிக்க செனட்டரான எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005-ல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது இது. வரி போகக் கையில் வருவதில் பாதி தவிர்க்க முடியாத செலவுக்கு, 30 விழுக்காடு விருப்பச் செலவுக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கும் கடன் அடைக்கவும்.

வீட்டின் மொத்தப் படத்தைப் பார்க்க இது நல்ல கண்ணாடி. விருப்பத்துக்கு என்று ஒரு பங்கையே ஒதுக்கி, அதையும் வாழ்க்கையின் நியாயமான பகுதியாக ஒப்புக்கொள்கிற இந்தக் கணக்கின் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டு வாடகையே பாதியை விழுங்குகிற இடங்களில் இந்த எண்கள் நிற்காது. நின்றாலும், அந்த 30 எல்லோருக்கும் பொதுவான ஒரே பை. குடும்பத்தோடு வெளியே போவது, இணைய இணைப்பு, அவர் காலணி, என் பேனா எல்லாம் அதற்குள். நான் ஒன்று வாங்கினால் அவர் பங்கிலிருந்து எடுத்தேனோ என்ற நினைப்பு வரும். உறுத்தல் விஷயத்தில் மூன்று மாதத்தில் எங்களுக்கு இது எதையும் மாற்றவில்லை.

ஆனால் இந்தக் கணக்கைப் போட்டபோது ஒன்று தெளிந்தது, அதற்காக அந்த மூன்று மாதமும் தகும். உங்கள் கைச்செலவு வருமானத்தில் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனத்தை ஒடுக்கி அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கையில் மிஞ்சுவது வருமானத்தில் 2 விழுக்காடு. வீட்டுச் செலவு 30 விழுக்காடு என்றால், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே 3 விழுக்காடு மிஞ்சுகிறது. அதுவும் ஒரே ஒரு முடிவில். கைச்செலவைக் குறைக்க மாதத்தில் முப்பது நாளும் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நாமோ வீட்டையும் வண்டியையும் காப்பீட்டையும் வருடத்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு நம்மையே திட்டிக்கொள்கிறோம். திட்டு தப்பான முகவரிக்குப் போகிறது.

காத்திருந்து வாங்குவது

பிடித்தது கண்ணில் பட்டால் உடனே வாங்காமல் ஒரு நாள் பொறு. விலை கூடினதானால் முப்பது நாள் பொறு. அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. பெரிய பொருள்களுக்கு இதை இன்றும் வைத்திருக்கிறோம், விடப்போவதும் இல்லை.

கை நீளுகிறவர்களுக்கு, அதுவும் கைப்பேசியில் வாங்குகிறவர்களுக்கு, நான்கில் முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பேன். பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் விளையாட்டுப் போட்டிச் சீட்டுகளை ஏலம் விட்டார்கள். கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை கேட்டார்கள். அட்டை வலியை மழுக்குகிறது. அட்டை எண்ணைச் செயலியிலேயே சேமித்து வைத்தால் மிச்சமிருக்கிற வலியும் போய்விடுகிறது. அந்த எண்ணை அழித்துவிட்டு, கூடையில் போட்டதை மறுநாள் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பொருள் தானாகக் கழன்றுபோகும்.

அன்றாடச் சின்னச் செலவுக்கு இது ஒத்துவரவில்லை. பையில் வைக்கிற ஒரு சின்ன நோட்டுக்கு நான் பத்து நாள் காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் அது மனத்திலேயே கிடந்தது. யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று படித்தேன், தாளின் கனத்தை ஒப்பிட்டேன், எந்த நிறம் என்று யோசித்தேன். கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வாங்கினபிறகும் உறுத்தல் இருந்தது. பரீட்சையில் தேறியும் மதிப்பெண் போதவில்லை என்கிற மாதிரி ஒரு குறை. காத்திருப்பது ஆசையைச் சலித்தெடுக்கிறதே ஒழிய, வாங்குவதற்கு நமக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

கைச்செலவுக்குத் தனிக் கணக்கு

சம்பளம் வந்த அன்றே சேமிப்பு ஒரு பக்கம், வீட்டுச் செலவு ஒரு பக்கம், அப்புறம் ஆளுக்கொரு தொகை அவரவர் பெயரில் உள்ள தனிக் கணக்குக்கு. அந்தத் தொகையை என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எழுத வேண்டியதும் இல்லை. மிஞ்சினால் அங்கேயே இருக்கும். தீர்ந்தால் தீர்ந்தது, அடுத்த மாதம்வரை இல்லை. வங்கிக் கணக்கு வேண்டாம் என்கிறவர்கள் உறையில் ரொக்கமாகப் போட்டு வைக்கலாம், வேலை ஒன்றுதான்.

ஒரே பணத்தை மனத்தில் பல டப்பாக்களில் போட்டு வைக்கும் நம் பழக்கத்துக்கு மனக் கணக்கு என்று பெயர். அதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் தேலர். 2017-ல் பொருளியல் நோபல் பெற்றவர். ஏட்டுப் பொருளியலின்படி இது தவறு. எந்த டப்பாவில் இருந்தாலும் பணம் பணம்தானே. ஆனால் மனித மனம் டப்பாக்களை நம்புகிறது. சேமிப்பு டப்பாவைத் தொட்டால் கை நடுங்குகிறது, கைச்செலவு டப்பாவைத் தொட்டால் நடுங்குவதில்லை. இந்தத் தவற்றை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வதுதான் தனிக் கணக்கு.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு, முன்பு சொன்ன 1998 ஆய்விலேயே ஒரு தடயம் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் பணத்தை முன்னாலேயே கட்டுவீர்களா, போய்வந்த பிறகு தவணையில் கட்டுவீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் முன்னால் கட்டவே விரும்பினார்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கேட்டால் பிறகு கட்டுகிறோம் என்றார்கள். அனுபவிக்கிற விஷயத்தில் வலியை முதலிலேயே தீர்த்துவிட்டால் அப்புறம் அது இலவசம் மாதிரி இனிக்கிறது. தனிக் கணக்கிலும் அதுதான் நடக்கிறது. வலி முழுவதும் மாதத்தின் முதல் நாளில், ஒரே தடவையாக, பணம் மாறுகிறபோது வந்து போய்விடுகிறது. அதன்பிறகு கடையில் நிற்கும்போது வாங்கலாமா கூடாதா என்று வழக்காடத் தேவையில்லை. எனக்கு இது வேண்டுமா, வேறொன்று வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒவ்வொரு பிடியையும் எண்ணிப் போடு என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டு வாழ்ந்தவள் நான். இப்போது வேறு மாதிரி படுகிறது. அளக்கிற நேரத்தில் அளந்துவிடு. அளந்து முடித்தபின் போடும்போது கை நடுங்க வேண்டாம்.

எட்டு மாதமாக இந்த வழியில் இருக்கிறோம். காலணி வாசலுக்கு வந்து, ஓரம் தேய்ந்து, நாடா அழுக்கேறிவிட்டது. ஆனாலும் இதை எடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சிக்கல்கள் வந்தன.

எல்லைத் தகராறு முதலில் வந்தது. முடிவெட்டுவது வீட்டுச் செலவா, கைச்செலவா? வேலைக்குப் போட்டுப் போகிற சட்டை? அவருடைய நண்பர் வீட்டுக் குழந்தைக்கு வாங்குகிற பரிசு? இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். கடைசியில் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: வாங்காவிட்டால் உடம்புக்கோ வேலைக்கோ குழந்தைக்கோ குறை வருமென்றால் அது வீட்டுச் செலவு. யார் பிழைப்பும் கெடாது, ஆனால் என் மனம் வாடும் என்றால் அது கைச்செலவு. பரிசுகளுக்கு மட்டும் இரண்டிலும் சேராமல் தனியாக ஒரு சின்ன ஒதுக்கீடு வைத்தோம். பரிசு கைச்செலவில் வந்தால் கொடுக்கிற மனம் சுருங்குகிறது என்பதைக் கண்ணாரப் பார்த்தோம்.

அடுத்தது என்னால் வந்த சிக்கல். முதல் மூன்று மாதம் நான் அந்தக் கணக்கிலிருந்து ஒன்றுமே எடுக்கவில்லை. மீதம் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். நான்காவது மாதம்தான் உறைத்தது, சத்தமில்லாமல் இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன் என்று. இது எனக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. ரான் கிவெட்ஸ், இத்தமார் சிமன்சன் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் எழுதியதில், பரிசாகச் சொகுசுப் பொருளா பணமா என்று கேட்டபோது, பணத்தின் மதிப்பு சற்றுக் கூடுதலாக இருந்தும் கணிசமானவர்கள் சொகுசையே எடுத்தார்கள். காரணம், பணம் கையில் வந்தால் அது வீட்டுச் செலவிலோ சேமிப்பிலோ கரைந்துவிடும், தங்களுக்கென்று எதையும் செய்துகொள்ள மாட்டோம் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் எனக்கு மட்டும் ஒரு விதி வைத்தோம். மூன்று மாதத் தொகைக்கு மேல் மீதம் தங்கக் கூடாது. தங்கினால் அந்த மாதமே எனக்காக எதையாவது செய்துகொள்ள வேண்டும். முதல் தடவை அந்த விதிப்படி செலவழித்த அன்று, யாரோ முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இந்த வழியைக் கெடுக்கிற ஒரே விஷயம் தவணை. இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று எதை எடுத்தாலும், அடுத்த நான்கு மாதத்துக் கைச்செலவை இன்றைக்கே யாரோ எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். கைச்செலவுக் கணக்கில் தவணையே கிடையாது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, யாருக்கு எது?

பணம் எங்கே போகிறது என்றே தெரியாதவர், மூன்று மாதம் எழுதிவிட்டுப் பிறகு தனிக் கணக்குக்குப் போகலாம். கைப்பேசியில் கை நீளுகிறவருக்குக் காத்திருப்பதும் தனிக் கணக்கும் சேர்ந்து வேண்டும். அந்தக் கணக்கோடு கடன் அட்டை இணைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு காசுக்கும் உறுத்துகிறவர் தொடர்ந்து எழுதவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், நேராகத் தனிக் கணக்கு. விழுக்காட்டுக் கணக்கை எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பெரிய செலவுகள் கண்ணில் படுவதற்காக. தனியாக வாழ்கிறவருக்கும் தனிக் கணக்கு பொருந்தும். ஏன் வாங்கினாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் மனத்துக்குள் ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார் அல்லவா?

வருமானம் மாதாமாதம் ஏறி இறங்குகிறவர்கள் விழுக்காட்டில் தொகை வைக்காதீர்கள். போன வருடத்தின் மிக மெலிந்த மாதத்தை எடுத்து, அந்த மாதத்திலும் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ அதையே எல்லா மாதத்துக்கும் வையுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது மெலிந்த மாதத்துக்குத் தலையணை.

தொகையைத் தீர்மானிக்கும்போது பலர் செய்கிற பிழை, முதல் மாதமே குறைக்கப் பார்ப்பது. கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற காப்பீடு, வரி, பள்ளிக் கட்டணம் போன்றவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து வீட்டுச் செலவில் சேருங்கள். இதை விட்டுவிட்டால் தொகை பொய்யாகப் பெரிதாகத் தெரியும். சேமிப்பையும் எடுத்து வைத்தபின் மிஞ்சுவதில், நீங்கள் இப்போது உங்களுக்காகச் செலவழிக்கிற சராசரியையே முதல் தொகையாக வையுங்கள். அது மிஞ்சுவதற்குள் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அவசரத்துக்கென்று மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பது பரவலான யோசனை. அது சேர்கிறவரை கைச்செலவு சின்னதாக இருக்கட்டும், பூஜ்யமாக வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லா உறுத்தலும் பொய் இல்லை. கடன் அட்டையில் பாக்கி நின்றுகொண்டிருந்தால், பல நாடுகளில் அதற்கு வட்டி வருடத்துக்கு 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அந்த நிலையில் மனம் உறுத்துவது நியாயம், அது சொல்வதைக் கேளுங்கள். மனம் சரியில்லாதபோதெல்லாம் வாங்குவது, வாங்கிப் பிரிக்காமலே அடுக்குவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது என்றிருந்தால் அதற்குக் கணக்குப் புத்தகம் மருந்தாகாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வருமானமே அடிப்படைக்குப் போதவில்லை என்றால் நான்கு வழியில் எதுவும் அதை நிரப்பாது. அப்படிப்பட்ட வீட்டிலிருக்கிற ஒருவரிடம் போய்ச் சின்னச் செலவைக் குறை என்று உபதேசிப்பதைப்போலக் கொடுமை வேறில்லை.

வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்றால் தனிக் கணக்கை எப்படி வைப்பது என்று கேட்பார்கள். சமமாக. இதில் மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் வருவதில்லை. குழந்தை பிறந்து இரண்டு வருடம் நான் வேலைக்குப் போகவில்லை. அப்போது தலைக்கு மாட்டுகிற ஒரு சின்ன ஊக்கு வாங்குவதற்கும், "வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. ஏன் கேட்கிறாய் என்றுதான் சொல்வார். ஆனாலும் கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பழகின அந்த மனம்தான், பிறகு சொந்தச் சம்பளத்தில் வாங்கின பேனாவுக்கும் ரசீதைக் கிழித்தது. இப்போது முதல் தேதி காலையில் இருவர் கைப்பேசியிலும் ஒரே தொகை ஒரே நிமிடத்தில் வந்து விழுகிறது. நாளைக்கு இருவரில் ஒருவர் வேலையை விட்டாலும் தொகை இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் மைப்பேனாவால் எழுதின தாள் அது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.